இந்த அறைக்குள் இருக்கிற ஒராளுக்காக

என் குரல் பெரிய குரல். பெருமைக்காகச் சொல்லவில்லை, இதுவரை யாரும் அதைப் பாராட்டாகச் சொன்னதும் இல்லை. சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்படியில் நின்று நான் போனில் கதைத்தால், பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா அடுத்த நாள் வேலியருகில் வந்து, நேற்று வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கவலையோடு கேட்பா. நான் தங்கையிடம் சுகம் விசாரித்திருப்பேன், அவ்வளவுதான்.

எனக்குச் சைல்ட் கெயாரில் வேலை. நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு மேலால் கத்த வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பகுதிக் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடிச் செபமாலை சொல்வோம். மன்னார், யாழ்ப்பாணத்து ஆட்கள்தான் அதிகம், தமிழ்நாட்டுக் குடும்பங்களும் சில உண்டு. முன்னின்று சொல்பவள் நான். மைக் வாங்கும் செலவு மிச்சம் என்றுதான் என்னைப் பிடித்தார்கள் என்பது என் கணவரின் கருத்து.

அந்தக் குரல் போன குளிர்காலத்தில் கரகரக்கத் தொடங்கியது. சளித் தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். தடிமன் போய்விட்டது, கரகரப்புப் போகவில்லை. ஒருநாள் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கையை உயர்த்தி, ஏன் தவளை மாதிரிக் கதைக்கிறீங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

என் அப்பா தொண்டைப் புற்றுநோயில் செத்தவர். சுருட்டுக்காரர். அவருக்கும் கரகரப்பில்தான் தொடங்கியது. முதலில் பார்த்த டொக்டர் ‘ஒண்டுமில்லை’ என்று ஒரு போத்தல் மருந்து கொடுத்து அனுப்பினார். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் குரலே இல்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. அவர் சொல்வது விளங்க வேண்டுமென்றால் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டும். நான் சுருட்டுப் பிடித்ததில்லை. ஆனாலும் ‘ஒண்டுமில்லை’ என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் நான் நம்புவதில்லை.

வழக்கமாக நாங்கள் போகும் டொக்டர் தமிழர். நல்ல மனிதர். ஆனால் அங்கே முன்மேசையில் இருப்பவ எங்கள் செபமாலைக்கு வருபவ. எனக்குத் தொண்டையில் ஏதோ என்று அவவுக்குத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் என் மரண அறிவித்தலுக்குப் படம் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் ரயிலேறி வடக்கே ஓர் இடத்துக்குப் போனேன். தோசை மா விற்கிற கடை ஒன்றுகூட இல்லாத இடம். அங்கிருந்த டொக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, காது மூக்குத் தொண்டை நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்.

நிபுணர் என் மூக்குக்குள் மருந்தை விசிறி, விறைத்த பிறகு, கயிறு மாதிரி மெல்லிய கமராவை உள்ளே விட்டார். திரையில் என் தொண்டை தெரிந்தது. வெள்ளையாக இரண்டு தசைமடிப்புகள் திறந்து மூடின. ஒன்றின் ஓரத்தில் சவ்வரிசி அளவில் சிவப்பாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் குடிவந்திருக்கிறது என்று கோபம்தான் முதலில் வந்தது, பிறகுதான் பயம்.

இது சர்வசாதாரணம் என்றார் அவர். ஆசிரியர்கள், பாட்டுக்காரர், உங்களைப் போலப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் வருவது. வெளியே காத்திருப்பவர்களை மட்டுமல்ல, வீதியில் போகிறவர்களையும் கூப்பிட்டு மூக்கு, காது, தொண்டை, கழுத்து என்று இப்படிப் பார்த்தால், நிறையப் பேரிடம் ஏதோ ஒரு தடிப்போ முளையோ இருக்கும், அதில் பலருக்கு அது இருப்பதே தெரியாது என்றார். அநேகமாகக் கெட்டதாக இராது, ஆனாலும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். அவர் நல்லதாக எவ்வளவோ சொன்னார். நான் அதில் ‘அநேகமாக’ என்பதை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. மகள் மெல்பேணில் படிக்கிறாள், பரீட்சை நேரம். கணவர் பஸ் ஓட்டுபவர், அமைதியான மனிதர், ஆனால் நான் விரலை வெட்டிக்கொண்டாலே கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இவருக்குச் சொன்னால் இவரையும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவரோ அந்த நேரம் பார்த்துத் தாடி வளர்க்கத் தொடங்கியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில், வெள்ளையும் கறுப்புமாக, காதடியிலிருந்து கழுத்து வரைக்கும்.

“ஆருக்குக் காட்ட இந்தக் கோலம்? தாடியை எடுங்கோ” என்பேன்.

“குளிருக்கு நல்லது” என்பார்.

என் பயத்தை எங்காவது கொட்ட வேண்டியிருந்தது, அதனால் அந்தத் தாடியின் மேல் கொட்டினேன்.

அந்த மாதச் செபமாலை பிளாக்டவுனில் ஒரு வீட்டில். செபமாலை முடிந்ததும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளாளுக்கு ஒரு மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வோம். எங்களில் யாரும் தனக்காக என்று கேட்பதில்லை. ‘வீசா கிடைக்காத ஒரு தம்பிக்காக’ என்பார்கள், ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தின்ரை சமாதானத்துக்காக’ என்பார்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் என்றால் அது அவர்களின் குடும்பம்தான் என்று அறையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போலத் தலையைக் குனிந்துகொண்டு மன்றாடுவோம். யார் அது என்று கேட்பது பெரிய மரியாதைக் குறைவு.

எனக்காக எல்லாரும் சேர்ந்து செபித்தால் நன்றாக இருக்கும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ‘எனக்குத் தெரிஞ்ச ஒராள்’ என்று சொன்னால் அது நான்தான் என்று பிடித்துவிடுவார்கள். எனவே பெரிய கெட்டித்தனம் ஒன்று செய்தேன்.

“இந்த அறைக்குள்ளை இருக்கிற ஒராளுக்காக” என்றேன். “கழுத்துக்கு மேலை ஒரு கட்டி வந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் தனிய இருந்து பயப்பிடுற ஒராளுக்காக.”

தொண்டை என்று சொல்லவில்லை, ஆணா பெண்ணா என்றும் சொல்லவில்லை. என் குரல் நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த கரகரத்த குரலிலேயே உரத்துச் சொன்னேன். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் காரணம் விளங்கவில்லை.

திரும்பி வரும்போது கணவர் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக அந்த வீட்டு வடையைப் பற்றி இரண்டு குறை சொல்லிக்கொண்டுதான் காரோட்டுவார். சிவப்பு விளக்கில் நின்றபோது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்தார். இத்தனை வருடத்தில் காரோட்டும்போது அவர் அப்படிச் செய்ததில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பச்சை விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மனுசன் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார், பக்கத்தில் நான் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் பூசையால் வந்து சட்டைகூட மாற்றவில்லை, அதற்குள் போன் அடித்தது. பாடற்குழுவில் என்னோடு பாடுகிறவ. இரண்டு பெண்பிள்ளைகளின் தாய்.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன குறை செய்தனான்?” என்றா. அழுகையும் கோபமுமாக இருந்தது. “என்ரை பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுற நேரம். என்ரை கழுத்துக் கட்டியைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தைரொயிட்டில் இரண்டு கட்டிகள் இருக்கின்றன என்று ஸ்கானில் தெரிந்ததாம், வேறு எதற்கோ எடுத்த ஸ்கான். தீங்கில்லாதது, அப்படியே விடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஆனாலும் அன்றிலிருந்து கழுத்தைச் சுற்றிச் சால்வை. இந்தக் குளிருக்கு நல்ல வடிவான சால்வை என்று நானே பலமுறை பாராட்டியிருக்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினேன். “அப்ப வேற ஆர்?” என்று கேட்டா. வாசலில் ஆள் வந்திருக்கு என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு நாகர்கோவில் தம்பி. ஐ.டி.யில் வேலை, தன்மையான பிள்ளை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் மூக்கு மேட்டர் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வைஃப் சொன்னாளா?”

மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறதாம். கெட்டது இல்லை, ஸ்ப்ரே அடிக்கிறார், தேவைப்பட்டால் எடுப்பார்களாம். ஆனால் ஒரு வருடமாக எந்த வாசமும் தெரியாதாம். எனக்கு அந்தப் பிள்ளை மேல் பரிதாபம் வந்தது, கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில் என் மீன்குழம்புச் சட்டிக்கு மேல் குனிந்து, “அக்கா, உங்க குழம்பு வாசனையே தனி” என்று சொன்னதும் இந்தப் பிள்ளைதான்.

மூன்றாவது ஆள் போனில் வரவில்லை. பிளாக்டவுன் மீன்கடையில் என்னைப் பிடித்தார். எழுபது தாண்டிய அங்கிள், இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு விடியப்புறம் கடலில் குளிப்பவர். காது கேட்பது குறைவு, அதனால் உலகத்தில் எல்லாருக்கும் காது கேட்காது என்று நினைத்துத்தான் பேசுவார்.

“இஞ்சை பிள்ளை, என்ரை காதுக்குள்ளை எலும்பு வளருது எண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குளிர்ந்த கடல்தண்ணீர் வருடக்கணக்காகக் காதுக்குள் போனால் அப்படி எலும்பு தடிக்குமாம், அலைச்சறுக்குக்காரருக்கு அதிகம் வருமாம். நீங்கள் சறுக்குவீர்களா என்று டொக்டர் கேட்டாராம். “ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்” என்றார் அங்கிள். அவருக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. தனக்காக நாற்பது பேர் செபித்ததில் சந்தோசமாகவே இருந்தார். நன்றி சொல்லத்தான் என்னைத் தேடியிருக்கிறார். நான் விளைமீனை வாங்கிக்கொண்டு, “ஓம் அங்கிள், உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரில் ஏறி உட்கார்ந்து சிரித்தேன். எனக்கென்று வீசிய வலையில் பாதிச் செபக்கூட்டம் அகப்பட்டிருந்தது. நிபுணர் சொன்னது உண்மைதான். சால்வைக்குள் ஒன்று, மூக்குக்குள் ஒன்று, காதுக்குள் ஒன்று என்று ஆளுக்கொன்றை ஒளித்துக்கொண்டு, ஒருவர் கழுத்தை ஒருவர் பார்க்காமல் தலைகுனிந்து நாங்கள் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறோம். எல்லாம் தீங்கில்லாதவை. எல்லாருக்கும் டொக்டர் ‘பயப்பிடாதேங்கோ’ என்றுதான் சொல்லியிருக்கிறார், எல்லாரும் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார்கள்.

அந்த ஆறுதல் வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது. இத்தனை பேருக்குக் கெட்டது இல்லையென்றால், கெட்டது யாருக்கு? கணக்குப்படி ஒருவருக்காவது வரத்தானே வேண்டும் என்று மனம் வேலை செய்யத் தொடங்கியது. அப்பாவைச் சுற்றியும் தொண்டை நொந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மருந்துப் போத்தலோடு சுகமாகிவிட்டது.

சத்திரசிகிச்சைக்கு வியாழக்கிழமை என்று நாள் வந்தது. மயக்கி எடுப்பார்கள், அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். வேறு வழியில்லை. இரவுச் சாப்பாட்டின்போது தொடங்கினேன்.

“இஞ்சாருங்கோ, உங்களிட்டை ஒரு விசயம் சொல்ல வேணும்.”

அவர் விரலில் ஒட்டிய சோற்றை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியும்” என்றார். “நீர் சொல்லத் தேவையில்லை. நானே சொல்லியிருக்க வேணும்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் இடது காதுக்குக் கீழே தாடியை விரலால் ஒதுக்கிவிட்டு, என் கையை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் அவித்த கடலை மாதிரி ஒன்று. தொட்டதும் வழுக்கி அசைந்தது. என் விரல் அதிலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் பயமாக இருந்தது.

“உமிழ்நீர்ச் சுரப்பியிலையாம். ஸ்கான் எடுத்தவங்கள், ஊசி குத்திப் பாக்க வேணும் எண்டவங்கள். நான் போகாமல் இழுத்துக்கொண்டு இருந்தனான். உமக்குத் தெரிஞ்சிடும் எண்டுதான் இந்தத் தாடி” என்றார். “அண்டைக்கு நீர் எல்லாருக்கும் முன்னாலை எனக்காக மன்றாடினீர். எப்பிடிக் கண்டுபிடிச்சீரோ தெரியாது. ஆனால் உம்மடை குரல் நடுங்கேல்லை. தெரிஞ்சும் இவள் பயப்பிடேல்லை எண்டால் பெரிசாய் ஒண்டும் இராது எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் துணிஞ்சு போனனான். நேற்றுக் குத்தினவங்கள். அடுத்த கிழமை சொல்லுவினம்.”

அவர் குறட்டை விட்டுத் தூங்கியது ஏன் என்று இப்போது விளங்கியது. நான் கண்டுபிடிக்கவே இல்லை. தினமும் பக்கத்தில் இருந்து அந்தத் தாடியைத் திட்டியவளுக்கு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் நினைத்ததை அப்படியே விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். ஆனால் வியாழக்கிழமை என்னை யார் கூட்டிவருவது? சொன்னேன். அப்பா, கமரா, சவ்வரிசி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“அப்ப அண்டைக்கு எனக்கில்லையோ?” என்றார்.

“உங்களுக்குந்தான்” என்றேன். “நீங்களும் அந்த அறைக்குள்ளைதானே இருந்தனீங்கள்.”

அன்றைக்குப் பிறகு குறட்டை நின்றுபோனது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர் “என்ன?” என்போம். “ஒண்டுமில்லை” என்போம்.

வியாழக்கிழமை எடுத்தார்கள். ஒரு கிழமைக்குப் பேசக் கூடாது என்றார் நிபுணர். மெதுவாகக் குசுகுசுப்பதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். போனில் எழுதிக் காட்டுங்கள் என்றார். என் கணவர் அவரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார், வீட்டில் இப்படி ஓர் அமைதியை அவர் கண்டதில்லை.

எனக்கான முடிவு முதலில் வந்தது. போனை அவர் எடுத்து, எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். சாதாரண முளை, கெட்டது எதுவும் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. அவர் அழுதுவிட்டார். நான் எத்தனையோ நாள் காத்திருந்த செய்தி. சந்தோசம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நிமிர்ந்தால் முன்னால் அந்தத் தாடி. இப்போது ‘அநேகமாக’ முழுவதும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருடைய போன் அதற்கடுத்து இரண்டு நாள் கழித்து வந்தது. குசினியில் நின்று எடுத்தார். அவருடைய டொக்டர். பதற்றத்தில் சத்தமாக வைக்க மறந்துபோனார்.

“யெஸ் டொக்டர்” என்றார். “யெஸ். ஓகே. யெஸ்.”

என் கணவருக்கு நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே முகம். நான் அவர் முன்னால் போய் நின்று கையால் என்ன என்ன என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர் வசனத்தை முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்பவள் நான். வாயைத் திறக்க முடியாமல், கையில் இருந்த அகப்பையால் சிங்கில் ஓங்கி அடித்தேன். அவர் காதை மற்றக் கையால் பொத்திக்கொண்டு “யெஸ் டொக்டர்” என்றார். கிட்டப் போய் என் காதைப் போனில் ஒட்டி வைத்தேன். இரைச்சல்தான் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. அப்பாவின் வாயருகே காதை வைத்துக்கொண்டு நின்றது போலவே நின்றேன்.

போனை வைத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“கூடாததில்லையாம்” என்றார். “வெட்டி எடுக்கத்தான் வேணுமாம், விட்டால் வளருமாம். ஆனால் கான்சர் இல்லை. இது நிறையப் பேருக்கு வாறதாம்.”

நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சத்தம் வராமல். எனக்குப் பேச்சுத் தடை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. நிபுணர் விரலை நீட்டி எச்சரித்தது ஞாபகம் இருந்தது. ஆனாலும் என் வாய் திறந்துவிட்டது. காற்றுத்தான் வந்தது.

அவருக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்று குனிந்து, கட்டி இருக்கிற அந்தப் பக்கத்துக் காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

“தாடியை எடுங்கோ” என்றேன்.